நாலாவது புள்ளி

ப்ரீதா: இன்னொரு தடவை வாசி, சித்ரா.

நான்: எத்தனை தடவைக்கா... கோயில் மதில் மூலை, பிழை அரை அடி. வாய்க்கால் பாலம், முக்கால் அடி. பழைய மடை, அரை அடி. எல்லைக்கல்லு... சைபர்.

ப்ரீதா: சைபர்.

நான்: ஆமா.

ப்ரீதா: சைபர் புள்ளி சைபர் சைபர்.

நான்: நல்லதுதானக்கா? சரியா வந்தா சந்தோசப்படாம மொறைக்கீங்க.

ப்ரீதா: எம்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு சர்வேயர் சங்கிலி போட்டு அளந்து புலப்படம் வரைஞ்சான். இப்போ நீ துணி டேப்பைப் பிடிச்சு அளந்திருக்கே. டேப் வெயில்ல தொய்யும், காத்துல ஆடும். அப்படியும் அவன் போட்ட கல்லும் நீ அளந்த கல்லும் துளி கூட விலகாம ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்திருக்கு.

நான்: நான் கவனமா அளந்தேன்.

ப்ரீதா: மத்த மூணையும் கவனமில்லாமலா அளந்தோம்? அந்த மூணும் நாம ரெண்டு பேரும் சேர்ந்து அளந்தது. இது எனக்குக் காய்ச்சல் அடிச்ச அன்னைக்கு, டேப் பிடிக்க ஒரு ஆளைக் கூட்டிட்டு நீ போய் அளந்துட்டு வந்தது.

நான்: மணி பதினொன்னரை ஆயிட்டு. படுப்போமாக்கா?

ப்ரீதா: உங்க ஊர்ல வோல்டேஜ் சீரா நிக்கிறதே பத்து மணிக்கு மேலதான். எனக்கும் இந்தக் கம்ப்யூட்டருக்கும் இதுதான் பகல்... அளவு எழுதின நோட்டு எங்கே?

நான்: அம்மா எடுத்து எங்கனயோ வச்சிட்டாக.

ப்ரீதா: நீ உக்காந்திருக்கிற பாய்க்கு அடியிலேர்ந்து அட்டை தெரியுதே. குடு.

நான்: அக்கா, நாளைக்குக் காலையில தாரேனே.

ப்ரீதா: நாளைக்குக் காலையில பத்து மணிக்கு இதைத் தூக்கிட்டுப் போய் பள்ளிக்கூடத்துல வச்சு ஊருக்கே காட்டப்போறோம், தெரியும்ல? அடியில வெள்ளைக்காரன் காலத்துப் புலப்படம், அது மேல இன்னைக்கு இருக்கிற வயல், வாய்க்கால், மடை. யாரோட தாத்தா எந்த மடையில தண்ணி பாய்ச்சினாரு, அது எப்போ யார் கைக்கு மாறிச்சுன்னு அவங்க பார்த்துச் சொல்லணும். என் ஆராய்ச்சியே அதுதான். அடியில இருக்கிற படம் சரியா உக்காரலைன்னா மேல சொல்றதெல்லாம் கட்டுக்கதை. நோட்டைக் குடு.

நான்: இந்தாங்க.

ப்ரீதா: ...என்ன இது? ரப்பர் போட்டுப் போட்டு பேப்பரே ஓட்டையாயிருக்கு.

நான்: சத்தம் போடாதீங்கக்கா. அப்பா முன்வாசல்லதான் கட்டில் போட்டுப் படுத்திருக்காக.

ப்ரீதா: எண்ணை மாத்தினியா?

நான்: ம்.

ப்ரீதா: கல்லு எங்க இருக்கணும்னு பழைய படத்துல பார்த்து, அதுக்குத் தகுந்த மாதிரி அளவை எழுதிட்டே. அதான் சைபர்.

நான்: நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க, பிழை எம்புட்டுக் குறைவோ அம்புட்டு நல்லதுன்னு.

ப்ரீதா: சிரிக்க வைக்காதே. எனக்கு நெஜமாவே கோவம் வருது.

நான்: என்னைய வேலைய விட்டு நிறுத்திருவீங்களா? நிறுத்துனா நிறுத்துங்க. ஒங்க மேல ஒரு வருத்தமும் இல்ல. பன்னெண்டாங்கிளாஸ் முடிச்சிட்டு டைப்பிங் கிளாஸுக்குத்தான் போயிருப்பேன். நீங்க எங்க மச்சுல வாடகைக்கு வந்தீங்க. கம்ப்யூட்டரத் தொடவிட்டீங்க. கம்ப்யூட்டரோட சேந்த அந்தப் பலகையில படத்த ஒட்டி, வரப்பு வரப்பா புள்ளி வச்சுக்கிட்டுப் போயி, கடைசில ஊரு பூரா கண்ணாடிக்குள்ள வந்து நின்னுச்சுல்லா... அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலக்கா. அம்புட்டு சந்தோசம். ஒங்களப் போயி ஏமாத்துனேனே.

ப்ரீதா: அழாதே. முதல்ல ஏன்னு சொல்லு.

நான்: சொல்ல முடியாது.

ப்ரீதா: சரி, நான் கேக்கறேன். நீ நெஜமா அளந்தப்போ என்ன வந்துது?

நான்: ...கல்லு இருக்க வேண்டிய எடத்துல இல்ல.

ப்ரீதா: எவ்ளோ விலகியிருக்கு?

நான்: ஒம்பது அடி. மூணு தடவ அளந்தேன். மூணு தடவையும் ஒம்பது அடி.

ப்ரீதா: எந்தப் பக்கம்?

நான்: அக்கா...

ப்ரீதா: அந்தக் கல்லுக்குத் தெற்கால உங்க வயல். வடக்கால சங்கரசுப்பிரமணியன் சார் வயல். எந்தப் பக்கம்?

நான்: அவுக வயலுக்குள்ள நிக்கி. எங்க வயலு ஒம்பது அடி கூட. அவுகளுக்கு ஒம்பது அடி குறைச்சல்.

ப்ரீதா: இதுக்கா இவ்ளோ? தொண்ணூத்திரண்டு வெள்ளத்துல கல்லு நகர்ந்திருக்கும்.

நான்: வெள்ளம் அடிச்சிட்டுப் போன கல்லு படுத்துல்லா கெடக்கும்? இது நேரா நிக்கி. சுத்திக் கெட்டிச்சு நட்டுருக்கு.

ப்ரீதா: அப்போ யாரோ எடுத்து நட்டிருக்காங்க.

நான்: யாரோ இல்ல. நான் பாத்தேங்க்கா.

ப்ரீதா: யாரை?

நான்: எங்கப்பாவ.

ப்ரீதா: பாபநாசம் சாரையா? அரை மார்க் கூடப் போடலாமா வேண்டாமான்னு அரை மணி நேரம் யோசிக்கிற மனுஷன். போடி.

நான்: இந்தா இந்த ஜன்னலு வழியாத்தான் பாத்தேன். வெள்ளம் வடிஞ்சு பத்துப் பன்னெண்டு நாளு இருக்கும். அமாவாசை. கீழ வீடு பூரா சகதி, நாங்க எல்லாரும் இங்கனதான் படுத்திருந்தோம். எனக்கு முழிப்புத் தட்டுச்சு. அப்பாவக் காணல. ஜன்னல்ல பாத்தா, வயலுக்குள்ள ஒரு டார்ச்சு. அமத்தி அமத்திப் போடுதாக. கையில கடப்பாரை. கல்லப் பெயத்து, நெஞ்சோட அணைச்சுத் தூக்கிட்டு நடந்தாக. பெறவு குழி தோண்டி நட்டாக. வீட்டுக்கு வந்து ரொம்ப நேரமா கை கழுவுனாக.

ப்ரீதா: உனக்கு அப்போ என்ன வயசு?

நான்: பத்து. அந்த வாரம் ஊருக்குள்ள அதே பேச்சுதாங்க்கா. வரப்பெல்லாம் மணலு மூடிக் கெடந்துச்சா, மேலூருல ஒருத்தன் கல்லு மாத்திட்டான், கீழூருல அண்ணந் தம்பிக்குள்ள வெட்டுக்குத்துன்னு. அப்பாவே கேட்டுக்கிட்டு 'சீச்சீ'ன்னாக. அதுக்கு மறுநா ராத்திரிதான் இது.

ப்ரீதா: அம்மாகிட்ட சொன்னியா?

நான்: அம்மாகிட்ட எப்படிச் சொல்ல? ஊருல பாதிப் பேரு எங்கப்பாகிட்ட கணக்குப் படிச்சவுக. ரோட்டுல வந்தா சைக்கிள விட்டு எறங்கி நிப்பாக. நாளைக்கு நீங்க அந்தப் பட்டன அமுக்குனதும் அம்புட்டு பேரும் பாப்பாக. வாத்தியாரு வயலு மட்டும் ஒம்பது அடி வளந்திருக்கு. எங்கப்பா முன் வரிசையில ஒக்காந்திருப்பாகக்கா.

ப்ரீதா: சங்கரசுப்பிரமணியன் சார் இதுவரைக்கும் எதுவும் கேக்கலையா?

நான்: அவுக கேக்க மாட்டாக. நான் அந்தப் பக்கமாப் போனா கூப்புட்டு எளநி வெட்டித் தருவாக. நல்லாப் படிக்கியா பிள்ளேன்னுவாக. நம்ம நெலத்தப் பறிச்சவன் மகள்னு ஒரு நாளு ஒரு பார்வை பாத்ததில்ல. நான் சாமி கும்புடும்போது எங்க வீட்டு ஆளுகளுக்கு முன்னால அவுக நல்லாருக்கணும்னுதான் கும்புடுவேன்.

ப்ரீதா: ...சரி. கேளு. மூணு புள்ளி இருந்தாலே படத்தை உக்கார வைக்கலாம். நாலாவது, சரி பார்க்கத்தான். அந்தக் கல்லை எடுத்துடறேன்.

நான்: எடுத்துருங்கக்கா. கும்புடுதேன்.

ப்ரீதா: ஆனா, ஏன் எடுத்தேன்னு எழுதணும்.

நான்: வெள்ளம்னு எழுதிருங்க.

ப்ரீதா: வெள்ளத்துல போன கல்லு படுத்துல்லா கெடக்கும்னு இப்போதான் ஒருத்தி எனக்குப் பாடம் எடுத்தா.

நான்: அக்கா...

ப்ரீதா: எனக்கே என்ன பண்றதுன்னு தெரியலைடி. மூணு மாசமா உங்க வீட்டுச் சாப்பாடு சாப்பிடறேன். எனக்குக் காய்ச்சல் வந்தப்போ ஏரல் வரைக்கும் சைக்கிள் மிதிச்சுப் போய் மருந்து வாங்கிட்டு வந்தவர் உங்கப்பா. ஆனா ஒரு புள்ளியைப் பொய்யா வச்சா அது தன்னோட நிக்காது. மத்த மூணையும் சேர்த்து இழுக்கும். மடை ஒரு பக்கம் போகும், பாலம் ஒரு பக்கம் போகும். அப்புறம் எந்த வயலுக்கு எந்தத் தண்ணின்னு நான்...

அப்பா: ஏட்டி சித்ரா.

நான்: அய்யோ.

அப்பா: கதவத் தொற. என்ன, அழுகைச் சத்தம் கேக்கு?

ப்ரீதா: ஒண்ணுமில்ல சார். நாளைக்கு... படம் கொஞ்சம் சரியா வரலை. அதான்.

அப்பா: படம் சரியா வரலைன்னா அழுவாளா? இவ கணக்குல பெயிலானப்பவே அழல. நகருட்டி. கல்லு, கல்லுன்னு காதுல விழுந்துச்சு. எந்தக் கல்லு? ப்ரீதாம்மா, நீ சொல்லு தாயி.

ப்ரீதா: சார், அது... சித்ராவே சொல்லட்டும்.

நான்: நம்ம வயலு எல்லைக்கல்லுப்பா.

அப்பா: அதுக்கு என்ன?

நான்: நீங்க ராத்திரி நகத்துனத நான் பாத்தேன். வெள்ளத்துக்குப் பெறவு. இந்த ஜன்னலு வழியா. அடிக்கணும்னா அடிச்சிருங்கப்பா.

அப்பா: ஏழு வருசமாவா இத மனசுல வச்சிருக்க?

நான்: ம்.

அப்பா: ஒரு நாளாவது கேட்டிருக்கலாம்லா?

நான்: என்னன்னு கேக்க? ஏன்ப்பா திருடுனீங்கன்னா?

ப்ரீதா: சார், உக்காருங்க.

அப்பா: இல்லம்மா, நிக்கேன்... ஏட்டி, நான் வாத்தியாரு. கேள்வி கேக்கேன், பதிலு சொல்லு. நெலம் திருடுதவன் கல்ல எந்தப் பக்கம் நகத்துவான்?

நான்: அடுத்தவன் பக்கம்.

அப்பா: நான் எந்தப் பக்கம் நகத்துனேன்?

நான்: சங்கரசுப்பிரமணியன் மாமா பக்கம்.

அப்பா: பாத்தியா?

நான்: இருட்டுல எந்தப் பக்கம்னு தெரியல. ஆனா...

அப்பா: நான் நம்ம பக்கம் நகத்துனேன். நம்ம வயலுக்குள்ள, பன்னெண்டு அடி. அளந்து நட்டேன்.

நான்: பொய் சொல்லாதீங்கப்பா.

அப்பா: ஏட்டி.

நான்: என் கையால அளந்தேன். கல்லு மாமா வயலுக்குள்ளதான் நிக்கி. ஒம்பது அடி. கம்ப்யூட்டரும் அதான் சொல்லுது.

அப்பா: கம்ப்யூட்டரு அன்னைக்கு ராத்திரி என் கூட வந்துச்சாக்கும்?

ப்ரீதா: கோவிச்சுக்காதீங்க சார். இப்போ நெஜமான எண்ணையே போட்டுக் காட்டறேன். சித்ரா, உனக்கு ஞாபகம் இருக்குல்ல? அடி.

நான்: ...அடிச்சாச்சு.

ப்ரீதா: பாருங்க. பச்சை உங்க வயல். மஞ்சள் அவரோடது. இந்த வெள்ளைப் புள்ளி, பழைய புலப்படத்துல கல்லு இருந்த இடம். சிவப்பு, இப்போ இருக்கிற இடம்.

அப்பா: செவப்பு மஞ்சளுக்குள்ள நிக்கி.

ப்ரீதா: ஆமா சார்.

அப்பா: இது தப்பு. அந்த நோட்டக் கொண்டா. பாலத்துல இருந்து எம்புட்டு, மடையில இருந்து எம்புட்டு... என்னட்டி, பேப்பர இப்படி ஓட்டை போட்டு வச்சிருக்க? எண்ணு சொல்லு வாயால.

நான்: பாலத்துல இருந்து இருநூத்திப் பதினாலு. மடையில இருந்து நூத்தி எழுபத்தஞ்சே கால்.

அப்பா: ...இரு. பேசாத.

ப்ரீதா: பேப்பர் பேனா வேணுமா சார்?

அப்பா: வேண்டாம்... கணக்கு சரிதான்.

நான்: அதான் சொன்னேம்லா.

அப்பா: கணக்கு சரி. நான் சொன்னதும் சரி. ரெண்டும் எப்படிச் சரியா இருக்கும்?

ப்ரீதா: சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க நெலத்தை நீங்களே எதுக்குக் குறைச்சுக்கணும்? அதுவும் ராத்திரில, யாருக்கும் தெரியாம?

அப்பா: அது எங்க ரெண்டு பேருக்குள்ள உள்ளது. விடும்மா.

நான்: சொல்லுங்கப்பா. சொல்லாட்டா நான் நம்ப மாட்டேன்.

அப்பா: வெள்ளத்தன்னைக்கு ராத்திரி நம்ம கதவத் தட்டுனது யாரு?

நான்: மாமா.

அப்பா: என்ன சொன்னான்?

நான்: தண்ணி வருது, பிள்ளைகளத் தூக்கிட்டு மச்சுக்கு ஏறுங்கன்னாக. சொல்லிட்டு ஓடிட்டாக.

அப்பா: நாம ஏறதுக்கும் தண்ணி நடைக்குள்ள நுழையதுக்கும் சரியா இருந்துச்சு. ஒன் தம்பி அப்பம் தொட்டில்ல கெடந்தான். ஒங்கம்மைக்குக் காய்ச்சல். எல்லாரும் கீழதான் தூங்கிக்கிட்டு இருந்தோம்... அவன் வீடு வயலுக்கு அந்தப் பக்கம். தண்ணிச் சத்தம் கேட்டதும் அவன் மொதல்ல என்ன செஞ்சிருக்கணும்? தொழுவத்துல ஜோடி மாடு கட்டிக் கெடக்கு. அத அவுத்துவிட்டிருக்கணும். அவன் மொதல்ல நம்ம வீட்டுக்கு ஓடி வந்தான். திரும்பிப் போறதுக்குள்ள அங்க கழுத்தளவு தண்ணி.

நான்: மாடு?

அப்பா: கட்டுன கயித்தோட கெடந்துச்சு.

ப்ரீதா: அய்யோ.

அப்பா: என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னானில்ல. மாடு எங்கவேன்னு கேட்டேன். போயிட்டுன்னான். எப்படிப் போச்சுன்னு அவன் வீட்டம்மா சொல்லித்தான் தெரியும். நான் ஜோடி மாடு பிடிச்சுத் தாரேன்னு போயி நின்னேன். 'உம்ம வீட்டுல நாலு உசுரு இருக்கேன்னு வந்தேன் வே, அதுக்கு மாடா?'ன்னு எந்திரிச்சு உள்ள போயிட்டான்.

ப்ரீதா: அதனால நெலமா குடுத்தீங்க.

அப்பா: குடுத்தா வாங்க மாட்டான். தெரியாமக் குடுத்தா? ரெண்டு வயலும் மணலு மூடி ஒரே மேடாக் கெடந்துச்சு. வரப்பு ஒண்ணும் இல்ல. கல்லோட தலை மட்டும் வெளிய தெரிஞ்சுது. இனிமே அந்தக் கல்லப் பாத்துத்தான் புது வரப்புப் போடணும். பன்னெண்டு அடி எட்டி நட்டுட்டா, அவன் பாட்டுக்கு வரப்புப் போட்டுட்டு உழுதுருவான்னு நெனச்சேன். ஊருல எல்லாவனும் கல்லு நகத்துதானேன்னு நானும் ஒரு நாளு நகத்துனேன்.

நான்: அப்பா...

அப்பா: கண்ணத் தொடை.

நான்: நான் ஒங்களத் திருடன்னு நெனச்சேன்ப்பா. ஏழு வருசமா.

அப்பா: நெனச்சுக்கிட்டும் அப்பான்னுதான கூப்புட்ட? அது போதும்.

ப்ரீதா: சார், ஒரு நிமிஷம். நீங்க உங்க பக்கம் பன்னெண்டு அடி. ஆனா கல்லு இன்னைக்கு அவர் பக்கம் ஒம்பது அடில நிக்குது. நடுவுல இருபத்தோரு அடி.

அப்பா: ஆமா.

ப்ரீதா: புது வரப்புப் போட்டது யாரு?

அப்பா: சங்கரசுப்பிரமணியன்தான். பள்ளிக்கூடத்துல முகாமு நடந்துச்சு, வீடு போனவுக எல்லாம் அங்க. எனக்கு அங்கதான் வேலை. பதினஞ்சு நாளு கழிச்சு வந்து பாத்தேன். வரப்பு போட்டு முடிஞ்சிருந்துச்சு. 'கல்லப் பாத்துத்தான் போட்டேன் வே'ன்னான். ஏ... கல்லத் திரும்ப எடுத்து நட்டதே அவன்தானா? படுபாவி.

ப்ரீதா: நீங்க கவனிக்கவே இல்லையா சார்? இருபத்தோரு அடி!

அப்பா: எதப் பாத்துக் கவனிக்க? மரம் உண்டா, மேடு உண்டா? நான் ஞாயித்துக்கெழமை வயலுக்குப் போறவன். ஆளு விட்டு வெள்ளாமை. அந்த வருசம் நெல்லு கூடத்தான் வந்துச்சு. வண்டல் மண்ணு ஏறியிருக்கு, அதான் வெளைஞ்சிருக்குன்னு நெனச்சேன். அவன்கிட்டயே போயி, 'வண்டலு எப்படி வேலை செஞ்சிருக்கு பாத்தீரா வே'ன்னேன்.

ப்ரீதா: அவர் என்ன சொன்னாரு?

அப்பா: 'ஆமா வே, எல்லாம் வண்டலுதான்'ன்னான். முகம் மாறாம சொன்னான்.

நான்: சிரிக்கீங்களாப்பா, அழுதீங்களா?

அப்பா: தெரியலட்டி.

ப்ரீதா: ஆனா பன்னெண்டைத் திருப்பி வச்சிருந்தா போதுமே. இன்னும் ஒம்பது எதுக்கு?

அப்பா: அவன்கிட்ட என்ன புலப்படமா இருக்கு? பழைய எடம் எதுன்னு தடவித் தடவிப் பாத்திருப்பான். பாபநாசத்துக்கு ஒரு அடி குறைஞ்சிரக்கூடாதேன்னு, கூடக் கொஞ்சம் எட்டி வச்சிருப்பான். அவன் புத்தி அப்படித்தான் போகும். வாய்க்கால்ல தண்ணி மொறை வந்தாக்கூட நம்ம வயலு நெறைஞ்சுட்டான்னு பாத்துட்டுத்தான் தன் மடையத் தொறப்பான்.

ப்ரீதா: ரெண்டு பேரும் நாளைக்கு வந்து உக்காரப்போறீங்க. சார், இது உங்களுக்குள்ளயே இருக்கட்டும். மூணு புள்ளி எனக்குப் போதும். கல்லை எடுத்துடறேன். கல்லு இடம் மாறியிருக்குன்னு மட்டும் எழுதிக்கறேன். அது உண்மைதானே.

அப்பா: வேண்டாம்.

நான்: எடுக்கட்டும்ப்பா. ஊரு ஒங்களத் தப்பால்லா நெனைக்கும்.

அப்பா: அவன் நெலம் ஒம்பது அடி என்கிட்ட இருக்கா, இல்லையா?

நான்: இருக்கு.

அப்பா: இருக்கதக் காட்டத்தான படம்? வெள்ளைப் புள்ளியும் இருக்கட்டும், செவப்புப் புள்ளியும் இருக்கட்டும். நான் எந்திரிச்சு எல்லாத்தையும் சொல்லுதேன். கதவத் தட்டுனது, மாடு போனது, பன்னெண்டு அடி, எல்லாம். அவன்கிட்ட தனியாக் குடுத்தா வாங்க மாட்டான். ஊரு முன்னால வச்சுக் குடுத்தா எங்க ஓடுவான்? ஒம்பதும் பன்னெண்டும் சேத்து வாங்கிட்டுத்தான் வீட்டுக்குப் போகணும்.

ப்ரீதா: சார், நான் வாய்க்கால் தண்ணி எப்படிப் போச்சுன்னு எழுதத்தான் வந்தேன்...

அப்பா: எழுதும்மா. ஒனக்குத்தான் நான் கையெடுத்துக் கும்புடணும். நீ வந்து இந்தப் பொட்டியத் தொறக்கலன்னா, அவன் செஞ்சத அறியாமலே நான் செத்திருப்பேன். எம் மகளும் திருடன் மகளாவே கல்யாணம் கட்டிப் போயிருப்பா.

ப்ரீதா: கும்பிடாதீங்க சார். சித்ரா மூணு தடவை அளக்கலைன்னா எனக்கும் எதுவும் தெரிஞ்சிருக்காது. அப்புறம் அதை அழிச்சா, அது வேற விஷயம்.

நான்: இனிமே அழிக்க மாட்டேங்க்கா.

ப்ரீதா: நோட்டுல புதுப் பக்கத்துல எழுது. பேனாவால.

நான்: எழுதுதேன்.

அப்பா: ...ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் பிடிபடல.

ப்ரீதா: என்ன சார்?

அப்பா: எல்லாம் ஒரே மணலு. நான் நட்டுட்டு, தடம் கூடத் தெரியாம மண்ணத் தள்ளி மூடிட்டு வந்தேன். அவன் அன்னைக்கு ஊருலயே இல்ல. வள்ளியூருல மச்சினன் வீட்டுக்குப் போயிருந்தான். அவன் இல்லாத நாளாப் பாத்துத்தான் நானும் போனேன். விடிஞ்சுதான் பஸ்ஸுல வந்து எறங்குனான். கல்லு நகந்தது அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?

ப்ரீதா: யாராவது பார்த்துச் சொல்லியிருப்பாங்களோ?

அப்பா: பாத்திருந்தா ஊருக்கே தெரிஞ்சிருக்குமே. யாரு பாத்தா? அந்த இருட்டுல... ஏட்டி, எதுக்கு இப்பம் மறுபடியும் அழுத?

நான்: நான்தாம்ப்பா சொன்னேன்... விடியக்காலம் பஸ்ஸு வந்து நிக்கிற எடத்துல போயி நின்னேன். மாமா எறங்குனதும் காலப் பிடிச்சுக்கிட்டேன். 'எங்கப்பா ராத்திரி ஒங்க நெலத்தத் திருடிட்டாக மாமா, போலீசுல சொல்லிராதீங்க'ன்னேன். அவுக என்னையத் தோளுல தூக்கிட்டு நேரா வயலுக்குப் போனாக. கல்லையே ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு நின்னாக. பெறவு கண்ணத் தொடச்சுக்கிட்டு, 'நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் பிள்ளே, நீயும் ஒங்கப்பாகிட்ட சொல்லிராத'ன்னாக.